குளிர் வடிந்த தோட்டம்

என் அண்ணன் வெய்கோ ஆற்றுப் படகு வேலைக்குப் போன இடத்தில் ஓஸெல்லாவைப் பார்த்து, கல்யாணமும் முடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் அமெரிக்காவின் தெற்கே இருக்கும் ஆர்கன்சாக்காரி. மே மாதம் எங்கள் ஊர் ஏரியில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும்போது, அவள் ஊரில் சட்டையை நனைக்கிற வெயில் அடிக்கும். மின்னசோட்டாவின் வடக்கு மூலையில், சதுப்பும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடும் சூழ்ந்த கோர்பி என்ற எங்கள் ஊரில், பாதிப்பேர் ஃபின்லாந்து பாஷை பேசுகிறவர்கள். மீதிப்பேர் பேசுவதே இல்லை. அப்படிப்பட்ட ஊருக்குள் அண்ணி வாயைத் திறந்துகொண்டே வந்து இறங்கினாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. பன்றிக்கறியும் பீன்ஸும் போட்டு அவள் சமைத்த சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் இரண்டாவது தடவை தட்டை நீட்டினார்கள். குளிரைப் பற்றி அவள் முணுமுணுத்ததே கிடையாது. பனி வாரினாள், நீராவிக் குளியல் கொட்டகையான சவுனாவில் எங்களோடு உட்கார்ந்து வியர்த்தாள், மீன் பிடிக்க ஏரிப் பனியில் துளை போடவும் கற்றுக்கொண்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன் கையால் விளைந்த தர்பூசணி ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் தோட்டம் என்றால் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட், வெங்காயம். மண்ணுக்கு அடியில் ஒளிந்துகொள்வதும், பனி பட்டாலும் முகம் சுளிக்காததும்தான் இங்கே வாழும். தக்காளி சிவந்தால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். தர்பூசணி லாரியில் வந்து இறங்குகிற சாமான். அதை நடப்போகிறேன் என்று அண்ணி சொன்னதும் ஊர் சிரித்தது. அதிகம் சிரித்தவர் உர்ஹோ சால்மெலா. அண்ணனும் அண்ணியும் குடியிருந்த எங்கள் அப்பா வீட்டுப் பள்ளத்துக்கு மறுபக்கம் உருளைக்கிழங்கு போடுகிற, கல்யாணமே செய்துகொள்ளாத கிழவர். வருஷா வருஷம் காய்கறிப் போட்டி நடக்கும் மாவட்டச் சந்தையில் முட்டைக்கோஸுக்குப் பரிசு வாங்கி வாங்கி அலுத்தவர்.

"ஏம்மா, தர்பூசணிக்கு ஸ்வெட்டர் பின்னிட்டியா?" என்று கடையில் வைத்துக் கேட்டார்.

"பின்னிக்கிட்டு இருக்கேன் பெரியவரே. மிச்ச நூல்ல உங்க முட்டைக்கோஸுக்கும் ஒரு குல்லா போட்டுத் தரேன்" என்றாள் அண்ணி.

முதல் வருஷம் அவள் தன் அம்மா செய்ததுபோலவே செய்தாள். வெயில் வந்தது, மண் கையில் உதிர்ந்தது, விதையை நட்டாள். கொடி இரண்டு இலை விட்டு எட்டிப் பார்த்தபோது ஜூன் மாத உறைபனி விழுந்தது. காலையில் எல்லாம் வெந்த கீரைபோலக் கிடந்தது. மேட்டு மேல் இருக்கும் என் வீட்டில் அன்று பீன்ஸ் செடிகூட வாடவில்லை. அதை அப்போது யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

அடுத்த குளிர்காலம் முழுக்க அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். டவுனில் விதைக்கடை வைத்திருந்த ஹெட்விக் அம்மாள் பொறுமைசாலி. கடைச் சுவரில் நாட்டு வரைபடம் ஒன்று தொங்கியது. குளிரை வைத்து மண்டலம் மண்டலமாகப் பிரித்து வர்ணம் பூசியிருந்தார்கள். எங்கள் ஊர் மூன்றாவது மண்டலம். ஆர்கன்சா எங்கோ கீழே வேறு நிறத்தில் இருந்தது. முதலில் அண்ணிக்கு அதைப் பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. பிறகு ஹெட்விக் அம்மாளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டபோது விஷயம் பிடிபட்டது. குளிர்காலம் எவ்வளவு கொடுமையாக இருக்கும், அதை எந்த மரம் தாங்கும் என்பதைத்தான் மண்டலம் சொல்கிறது. ஆப்பிள் நடுகிறவன், பிளம் நடுகிறவன் அதைப் பார்க்கவேண்டும். ஒரே கோடையில் பிறந்து காய்த்துச் சாகிற கொடிக்கு வேண்டியது வேறு கணக்கு. வசந்தத்தின் கடைசி உறைபனி எப்போது, இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி எப்போது, நடுவில் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதுதான் அது.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள். "லெம்பி, நான் வீணா பயந்துட்டேன். ஜனவரி எவ்வளவு குளிரா இருந்தா எனக்கென்ன? என் தர்பூசணி ஜனவரியப் பாக்கவே போறதில்ல."

ஹெட்விக் அம்மாள் சொன்னபடி டவுனில் ஜூன் தொடக்கத்தோடு உறைபனி ஓய்ந்துவிடும், திரும்ப வர செப்டம்பர் பாதி ஆகிவிடும். சீக்கிரம் பழுக்கிற ரகம் ஒன்றின் விதையை அண்ணி வாங்கிவந்தாள். உருண்டையாக, மடியில் வைத்துக்கொள்கிற அளவுக்குத்தான் பழம் வரும். ஏப்ரல் கடைசியில் சமையலறை ஜன்னலோரம் பால் டப்பாக்களில் விதை போட்டு நாற்று வளர்த்தாள். வெளியே மண்ணைச் சூடாக்கக் கறுப்பு பிளாஸ்டிக்கை விரித்து, ஜூனில் பயம் தெளிந்த பிறகே நட்டாள். கொடி ஓடியது, பூத்தது, காய்த்தது. வெய்கோ அண்ணன்கூட வேலைக்குப் போகும் முன் போய் எட்டிப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் பாதியில், டவுனில் எல்லாரும் இன்னும் ஏரியில் நீந்திக்கொண்டிருந்தபோது, எங்கள் அப்பா வீட்டுப் பள்ளத்தில் உறைபனி இறங்கியது. காய்கள் முஷ்டி அளவு இருந்தன. உள்ளே வெள்ளரிக்காய்போல வெளுத்திருந்தது.

அன்று அண்ணி பின்வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் தவித்துப்போய்ப் பக்கத்தில் நின்றார். "கடையில வாங்கிட்டு வரேன் ஓஸெல்லா. எவ்வளவு வேணுமோ வாங்கிட்டு வரேன்" என்றார்.

"கடையில கிடைக்கும்னு எனக்கும் தெரியும் வெய்கோ" என்றாள் அவள். "எனக்கு இந்த மண்ணு ஒரு தடவையாவது சரின்னு சொல்லணும். இங்கதானே நான் சாகுற வரைக்கும் இருக்கப்போறேன்."

அண்ணன் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரைக்கும் நான் அதைப் பழத்தின் மேல் இருந்த ஆசை என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் வசந்தம் வந்தபோது அவள் டவுன் கணக்கைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டாள். டவுன் ஏரிக்கரையில் இருக்கிறது, ஏரித் தண்ணீர் அதற்குப் போர்வை. நம் தோட்டத்துக்கு நம் தோட்டத்தின் தேதிதான் வேண்டும் என்றாள். கேக் செய்கிற தகரத் தட்டுகள் வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து, என் வீட்டிலிருந்தும் வாங்கி, மே மாத மாலைகளில் தண்ணீர் ஊற்றி அங்கங்கே வைத்தாள். வீட்டுச் சுவரோரம் ஒன்று, சவுனா வாசலில் ஒன்று, தோட்டத்து மேட்டில், நடுவில், பள்ளத்தில், மேட்டுமேல் என் முற்றத்தில் ஒன்று. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கோட்டை மாட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு தட்டையும் விரலால் தட்டிப் பார்ப்பாள். தபால்காரர் நாய்க்குத் தண்ணீர் வைக்கிறாள் என்று நினைத்து, இத்தனை நாயா என்று என்னிடம் விசாரித்தார்.

தெளிந்த வானமும் காற்றில்லாத காலையுமாக இருந்த நாள்களில் ஒரே கதைதான். என் முற்றத்துத் தட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. சவுனா வாசலில் மேலே ஏடுபோல மெல்லிசாகப் படிந்திருந்தது. தோட்டத்தில் கீழே போகப் போகக் கெட்டியானது. கடைசி ஓரத்தில், ஸ்ப்ரூஸ் மரவரிசையின் காலடியில் வைத்த தட்டைக் கவிழ்த்தால் பனிக்கட்டி வட்டமாகக் கழன்று விழுந்தது. கண்ணாடித் தட்டுபோல இருந்த அதை அவள் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். அண்ணனும் நானும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். மேசைமேல் அதை வைத்தாள்.

"குளிர் தண்ணி மாதிரி ஓடுது" என்றாள். "மேட்டுலருந்து இறங்கி, தோட்டம் வழியா சதுப்புக்குப் போகப் பாக்குது. மரம் குறுக்க நிக்குது. அணை கட்டுன மாதிரி அங்கேயே தேங்கிடுது."

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த மரங்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார்கள். போரிலிருந்து திரும்பிய வருஷம் அப்பா காட்டிலிருந்து கன்றுகளைப் பிடுங்கிவந்து, வடமேற்குக் காற்றைத் தடுக்க வரிசையாக நட்டார். தரை வரைக்கும் கிளை தொங்க, வேலியைவிட அடர்த்தியாக அவை நின்றன. அப்பா போன பிறகு அண்ணன் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். என்ன நினைப்பார் என்று யாரும் கேட்டதில்லை.

"மரத்த வெட்டச் சொல்றியா?" என்று கேட்டார்.

"என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. என்ன நடக்குதுன்னு மட்டும்தான் சொல்றேன்."

"அது எங்க அப்பா வெச்சது."

"தெரியும்."

ஒரு வாரம் அந்த வீட்டில் உப்பை எடு, கதவைச் சாத்து என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. நான் அண்ணன் பக்கம்தான். அப்பா கையால் நட்ட மரத்தை ஒரு பழத்துக்காகத் தொடுவதா என்று எனக்கும் கோபம் இருந்தது. அண்ணி வாதாடவில்லை. தட்டுகளைக் கழுவி என் வீட்டுத் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புல் வெளுத்துக் கிடந்த காலையில், அவள் ஈர வைக்கோலை ஒரு வாளியில் போட்டுக் கொளுத்தித் தோட்டத்து மேட்டில் வைத்தாள். உள்ளே வந்து அண்ணனைக் கூப்பிட்டாள். பால் வாங்க வந்திருந்த நானும் கூடப் போனேன். சூரியன் அப்போதுதான் கிழக்கே காட்டுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. இலை அசையவில்லை.

புகை மேலே போகும் என்று நினைத்தேன். கொஞ்சம் எழுந்தது, பிறகு குனிந்தது. தரையோடு தரையாகப் படுத்து, உழுத சால் வழியாகக் கீழே நழுவ ஆரம்பித்தது. பூனை நடப்பதுபோல அவ்வளவு மெதுவாக. மூன்று பேரும் கூடவே நடந்தோம். மரவரிசைக்குப் போனதும் முட்டி நின்றது. கிளைகளுக்கு முன்னால் பரவியது, திரும்பி வந்தது, எங்கள் முழங்கால் வரைக்கும் நிறைந்தது. நாங்கள் வெள்ளைக் குளத்தில் நிற்பதுபோல இருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு இழை புகை இல்லை.

அண்ணன் குனிந்து, ஒரு மரத்தின் அடிக்கிளையைக் கையால் தூக்கிப் பிடித்தார். புகை அந்தச் சின்ன வழியில் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. விட்டார், நின்றது. திரும்பத் தூக்கினார், போயிற்று.

"வெட்ட வேண்டாம்" என்றார். "பாவாடையத் தூக்கிக் கட்டினாப் போதும்."

அண்ணி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அன்று மத்தியானமே ரம்பம் எடுத்தார். ஒவ்வொரு மரத்திலும் அவர் தலை உயரம் வரைக்கும் கிளைகளைக் கழித்தார். அண்ணியும் நானும் இழுத்துப்போய்க் குவித்தோம். சதுப்போரம் பட்டுப்போயிருந்த இரண்டு மரங்களை மட்டும் அடியோடு எடுத்தார். முடித்ததும் அடிமரங்கள் தூண்கள்போல நின்றன. அவற்றுக்கு நடுவே முதல் தடவையாகச் சதுப்பின் தண்ணீர் பளபளவென்று தெரிந்தது. குளிர்காலத்தில் காற்று வீட்டைப் பிய்க்குமே என்று நான் கேட்டேன். அக்டோபரில் பலகை அடைப்பேன், வசந்தத்தில் கழற்றுவேன் என்றார். அப்பாவே செய்திருக்க வேண்டிய வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்தக் கோடைக்கு அண்ணி போட்ட திட்டம் பெரிய படையெடுப்புபோல இருந்தது. தோட்டத்தின் கீழ்ப்பாதியை உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோஸுக்கும் விட்டாள். நடுவில் பீன்ஸ். தர்பூசணியை மேட்டில், சவுனாவின் தெற்குச் சுவரை ஒட்டி நட்டாள். அப்போது சுரங்கத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் அங்கே கொட்டிக் கிடந்த கறுத்த கற்களைக் கொண்டுவந்து கொடிகளைச் சுற்றி அடுக்கினார். பகலெல்லாம் வெயில் குடித்து, இருட்டிய பிறகும் அந்தக் கற்கள் கைக்கு இதமாக இருந்தன. ஜூலை கடைசிக்குப் பிறகு வந்த பூக்களையெல்லாம் அண்ணி கிள்ளிப்போட்டாள். பழுக்க நேரமில்லாத பிள்ளையைப் பெத்து என்ன பண்ண என்றாள். ஒவ்வொரு கொடியிலும் இரண்டு காய்தான் விட்டாள்.

ஆகஸ்ட் பாதி தாண்டி ஒரு நாள் வடக்கிலிருந்து காற்று வந்து, சாயங்காலம் சட்டென்று அடங்கியது. வானம் துடைத்துவிட்டதுபோல ஆனது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வானம் தெரியும். அண்ணி பழைய போர்வைகளையெல்லாம் எடுத்துவந்து கொடிகளை மூடினாள். போர்வை போதாமல் அண்ணன் தன் குளிர்காலக் கோட்டையும் கொண்டுவந்து ஒரு காய்க்குப் போர்த்தினார்.

விடிந்ததும் நான் ஓடினேன். பள்ளத்து ரோடு முழுக்க வெள்ளை. உர்ஹோவின் உருளைக்கிழங்கு வயல், கண்ணுக்கு எட்டிய வரை, கறுத்துத் தொங்கியது. அண்ணியின் தோட்டத்தில் மரத்தடியில் கொஞ்சம் வெள்ளை, அவ்வளவுதான். உருளைக்கிழங்குச் செடிகூடப் பச்சையாக நின்றது. பீன்ஸில் ஓர இலைகள் மட்டும் வாடியிருந்தன. சவுனாச் சுவரோரம் அண்ணி போர்வைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். கொடிகள் நேற்று இருந்த மாதிரியே இருந்தன. இலையில் ஒரு கறைகூட இல்லை. அவள் மண்டியிட்டு ஒரு காயின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"சூடா இருக்கு வெய்கோ" என்றாள். "இன்னும் சூடா இருக்கு."

அண்ணன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணைத் துடைக்கக் கோட்டின் கைதான் வசதி என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெயில் ஏறியபோது உர்ஹோ வந்தார். வேலியோரம் நின்று கீழேயும் மேலேயும் பார்த்தார். மரங்களின் கழித்த அடியைப் பார்த்தார். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனாலும் அது பருக்க இன்னும் மூன்று வாரம் மிச்சம் இருந்தது, செடி கருகியதில் அது போயிற்று. கேலிக்கு எதுவும் அவருக்கு அகப்படவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

"ஏம்மா, என் நிலத்துல அந்தக் குளிரு எந்தப் பக்கமா ஓடுது?"

"ஈர வைக்கோல் இருக்கா பெரியவரே?" என்று கேட்டாள் அண்ணி. "நாளைக்குக் காலைல வரேன். காபி போட்டு வைங்க."

மாவட்டச் சந்தை ஆகஸ்ட் கடைசியில். காய்கறிக் கொட்டகையில் தர்பூசணிக்கு என்று ஒரு பிரிவே கிடையாது. 'மற்றவை' என்று ஒரு மேசை, அதில் வழக்கமாகக் கோணலான பூசணியும் யாரோ ஒருவரின் வேர்க்கடலைச் செடியும் இருக்கும். அண்ணி தன் பெரிய பழத்தைக் குழந்தையைப்போலச் சுமந்துகொண்டுபோய் அங்கே வைத்தாள். நடுவராக வந்திருந்த அம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வாங்கி வைத்ததா என்று கேட்கத் தயங்கியது முகத்திலேயே தெரிந்தது. அண்ணி காம்பைக் காட்டினாள். பச்சை மாறாத காம்பு, ஒரு முழக் கொடியோடு.

"வெட்டிப் பாக்கணும். பரவாயில்லையா?" என்றாள் நடுவர் அம்மாள்.

"வெட்டத்தான் வளத்தேன்."

கத்தி உள்ளே போன உடனே பழம் தானாகவே பிளந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. உள்ளே நடு முதல் ஓரம் வரை சிவப்பு, கறுத்த விதையோடு. கொட்டகையில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். பிறகு உர்ஹோ தன் முட்டைக்கோஸ் மேசையை விட்டு வந்து, பெரிய துண்டு ஒன்றை எடுத்து, தாடியில் சாறு வழியச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டதும் வரிசை உண்டாகிவிட்டது.

முதல் பரிசுக்கான நீல ரிப்பனை அண்ணி வாங்கிக்கொண்டபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அண்ணன் கொட்டகைக்கு நடுவில், அத்தனை பேர் பார்க்க, அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். கோர்பியில் அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அதைப் பற்றி ஊர் பேசிய அளவுக்குப் பழத்தைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

அடுத்த வசந்தத்தில் எங்கள் பள்ளம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வாளிப் புகை எழுந்தது. வேலிக் கிளைகள் கழிந்தன, கொட்டிவைத்த குப்பைமேடுகள் இடம் மாறின. உர்ஹோ தன் கொட்டகையின் கீழ்ப் பலகைகளைப் பிடுங்கினார். வீட்டுக்கு வீடு, எங்கள் மேட்டுக்கு இந்தத் தேதி, உங்கள் ஓரத்துக்கு அந்தத் தேதி என்று பேசிக்கொண்டார்கள். குளிர் போகிற வழியைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்கள் காபி நேரத்தில் அண்ணியைத் தேடி வந்தார்கள். அவள் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

நான் ஒரு நாள் போனபோது சமையலறை ஜன்னலோரம் பால் டப்பாக்களில் எனக்கு அடையாளம் தெரியாத நாற்று நின்றது. இலை கை விரித்ததுபோல இருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"வெண்டைக்காய்" என்றாள் அண்ணி, கையில் மண்ணோடு. "உங்க அண்ணன்கிட்ட இப்பவே சொல்லாத. சவுனாவோட இன்னொரு சுவத்தையும் கேக்கப்போறேன்."